காதில் முளைத்த விதைப்பூண்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் நாலு பூண்டை எடுத்து உரித்துக்கொண்டே கேளுங்கள், கதை பொய்யாகப் போனாலும் உரித்தது குழம்புக்காவது ஆகும்.

கொடைக்கானலையும் தாண்டி மேலே, பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது எங்கள் தூவானூர். இங்கே குனிந்தால் மண்ணில் பூண்டு, வீட்டுக்குள் நிமிர்ந்தால் விட்டத்தில் பூண்டு. அறுவடை முடிந்ததும் தண்டும் தாளுமாகக் கட்டுக்கட்டாக முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுவிடுவோம், புகை ஏற ஏற அது இறுகிக் காரம் கூடும். கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சீக்கு வந்தால் மருந்துக்கடையைப் பார்ப்பார்கள், நாங்கள் விட்டத்தைப் பார்ப்போம். வாயுப் பிடிப்புக்குத் தணலில் சுட்ட பூண்டு, சளிக்கு நூலில் கோத்துப் பிள்ளை கழுத்தில் கட்டிய பூண்டு, படர்தாமரைக்கு அரைத்த பூண்டு, ரத்தக் கொதிப்புக்கு வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பாலிலேயே வெந்த பூண்டு என்று எங்கள் ஆயுசு முழுக்க அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். தூவானூர் ஆட்கள் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டே டிக்கெட் கொடுத்துவிடுவேன் என்று கண்டக்டர் சொல்வார், அதில் பொய் கிடையாது.

ஆனால் விட்டத்தில் தொங்குகிற எல்லாவற்றையும் தொட்டுவிட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் நல்ல முரட்டுப் பூண்டாகப் பொறுக்கித் தனியாக ஒரு கட்டுக் கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியை முடிந்திருக்கும், அதுதான் விதைப்பூண்டு. பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. விதையைத் தின்றவன் வீடு விளங்காது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு, அந்தப் பேச்சை மீறினவர்கள் யாரும் இல்லை. நாச்சியம்மாவும் மீற நினைத்தவள் இல்லை, பாவம்.

நாச்சியம்மா கீழே பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் பெரியாண்டி. அவர் தங்கமான மனுஷன்தான், ஆனால் பெண்டாட்டி என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார், அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவாள், இவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார். உண்மையைச் சொல்லப்போனால் அவருக்குச் சின்ன வயசிலேயே சீழ் வடிந்து வடிந்து இடது காது செத்துப்போய்விட்டது. பெண் பார்க்கப் போனபோது அவர் அப்பா சாமர்த்தியமாக வலது காது பெண் வீட்டார் பக்கம் இருக்கிற மாதிரி அவரை உட்கார வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் இது தெரியும். பெண் எடுத்த இடத்தில் எங்கள் ஆள் குறையைச் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கல்யாணம் ஆன பிறகு, கூடப் படுத்து எழுந்திருக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டோம். அவளோ பெண்டாட்டி என்றால் இடப்பக்கம் என்று தாய் வீட்டில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டாள். நடந்தாலும் இடப்பக்கம், உட்கார்ந்தாலும் இடப்பக்கம், களை எடுத்தாலும் அவருக்கு இடப்பக்கத்துப் பாத்தி. எதிரே நின்று கூப்பிட்டால் திரும்புவார், பக்கத்தில் இருந்து கேட்டால் வாயைத் திறக்க மாட்டார், சரி, இந்த மனுஷன் குணம் இப்படி என்று அவள் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஒரு மார்கழியில், பனி புல்லைக் கருக்கிக்கொண்டிருந்த சமயம், அந்தச் செத்த காது வலிக்க ஆரம்பித்தது. பெரியாண்டி மாடு மாதிரி கத்தினார். காது வலிக்கு நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி இளஞ்சூட்டில் விடுவோம், ஆனால் அந்த நடுச்சாமத்தில் பார்த்தால் அடுப்படிப் பூண்டு தீர்ந்துபோயிருந்தது, தொங்கியது சிவப்புத் துணி கட்டிய கட்டு மட்டும்தான். நாச்சியம்மா அண்ணாந்து பார்த்தாள், புருஷன் கத்துவதைக் கேட்டாள், மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம்தான் எங்கள் ஊர்க்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்த யோசனை அவளுக்குத் தோன்றியது: விதையைத் தட்டினால்தானே குற்றம்? ஒரு பல்லைத் தட்டாமல், தோல் கூட உரிக்காமல், பஞ்சில் சுற்றிக் காதுக்குள் வைத்து, வலி நின்றதும் எடுத்துக் கட்டில் சேர்த்துவிட்டால் விதை விதையாகவே இருக்கும், காதுக்கும் காரம் ஏறும். அப்படியே செய்தாள். வலி நின்றது. வலி நின்ற சந்தோஷத்தில் இருவரும் பல்லை மறந்துபோனார்கள்.

விதை தன் வேலையை மறக்குமா? தை பிறந்து வெயில் முகம் காட்டியபோது பெரியாண்டியின் இடது காதிலிருந்து பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது.

முதலில் சிரித்தோம். பிறகு பழகிக்கொண்டோம். முடிவெட்டும் கன்னாயிரம் அந்தப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோகவே பயந்து, இடப்பக்கத்து முடியைக் காடாக வளரவிட்டான். வெள்ளாடுகள் அவர் பின்னாலேயே போயின, அவர் துண்டை வீசி வீசி விரட்டிக்கொண்டே நடந்தார். தாள் ஒடிந்துவிடும் என்று கண்டக்டர் அவருக்கு ஜன்னல் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தார். வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, வளர்ச்சி நன்றாக இருக்கிறது, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது, ஏனென்றால் காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும் வரை ஊரில் யாரும் பூண்டு சேர்க்கக் கூடாது, கோயிலுக்குள் அதன் வாசனையே ஆகாது. ஊர் கூடிப் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, கடைசியில் பெரியாண்டி கோயில் வாசற்படியில் ஒருக்களித்து நின்று, வலப்பக்கம் உள்ளேயும் பூண்டுப் பக்கம் வெளியேயுமாகச் சாமி கும்பிடலாம் என்று தீர்ப்பானது. அப்படித்தான் கும்பிட்டார். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

தாளுக்கு மருத்துவம் இருப்பது தெரிந்ததும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். நுனியை ஒரு விரற்கடை கிள்ளிக் கஞ்சியில் போட்டால் எத்தனை நாள் பட்ட இருமலும் நின்றது. சாற்றைத் தொட்டுப் பூசினால் தேள்கடி இறங்கியது. நாச்சியம்மா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை, ஆனால் ஒரு தாளில் ஒரு தரத்துக்கு மேல் கிள்ளவிட மாட்டாள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி மட்டும், மதினி, மதினி என்று தேன் ஒழுகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து கூடுதலாகக் கிள்ளிப் போவாள்.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் ஒரு காலைக் கஞ்சியின்போது தொடங்கியது.

"சரி, அந்தக் கறுப்புக் கம்பளியையே வாங்கிக்க" என்றார் பெரியாண்டி.

நாச்சியம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். கம்பளி வேண்டும் என்று அவள் கேட்டது மார்கழியில். குளிரே போய்விட்டது இப்போது.

மறுநாள், "உங்கண்ணன் வந்தா வரட்டும், நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றார். அண்ணன் வந்து கோபித்துக்கொண்டு போனது ஐப்பசியில். அதற்கடுத்து, "ஆமா, முத்துப்பேச்சிக்கு வாய் நீளந்தான், நீ கண்டுக்காத" என்று அவர் சொன்னபோது முத்துப்பேச்சி அங்கேயே தாள் கிள்ளிக்கொண்டு நின்றாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அறுந்தது.

மெதுவாகத்தான் எங்களுக்கு விளங்கியது. இடப்பக்கம் இருந்து அவள் கேட்டதெல்லாம் காற்றில் போகவில்லை, அந்தச் செத்த காதுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்திருக்கிறது, பூண்டின் வேர் இறங்க இறங்க ஒவ்வொன்றாக அவருக்குக் கேட்கிறது; பூண்டை உரித்தால் மேல்தோல் முதலில் வருகிற மாதிரி, கடைசியில் கேட்டது முதலில் வருகிறது. அவருக்கோ எல்லாம் அன்றைக்குக் கேட்ட மாதிரி. மரியாதையாகப் பதில் சொன்னார். "பச்சைச் சேலை உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார், அந்தச் சேலை கிழிந்து கரித்துணியாகி அதுவும் போய்விட்டது. "அம்மா பேசினதுக்கு நான் என்ன செய்ய, நாச்சி, நீ பொறுத்துக்க" என்றார், அந்த அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ திதி கொடுத்தாகிவிட்டது. நாங்கள் வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துகொள்வோம். ஒரு குடும்பத்தின் பதில்களை மட்டும் கேட்டுக் கேள்விகளைக் கண்டுபிடிப்பதில் ஒரு சுவாரசியம் இருக்கத்தான் செய்தது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாச்சியம்மாதான் மாறிப்போனாள். முதலில் சிரித்தாள், "என்னங்க, என்னைக்கோ கேட்டதுக்கு இன்னைக்கா?" என்று கேலி செய்தாள், தன் புருஷன் பதில் சொல்லாதவர் இல்லை, கேட்காதவர் என்று தெரிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பதில்கள் பழைய வருஷங்களுக்குள் இறங்க இறங்க அவள் பேச்சு குறைந்தது. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எங்களில் வயதான பெண்களுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷம் உறைபனி விழுந்து மலை முழுக்கப் பூண்டு கருகிப்போயிருந்தது, எந்த வீட்டிலும் விதைக்கட்டைத் தவிர ஒரு பல் கிடையாது. அவளுக்குப் பால் ஊறவில்லை. ஆட்டுப்பால் பிள்ளைக்குச் சேரவில்லை. கீழே கொண்டுபோகக் கிளம்பிய அன்று காலையில் பிள்ளை போய்விட்டது. பிறகு ஒரு நாள் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே அவள் கேட்டாள்: "எம்மேலதான் குத்தம்னு நெனைக்கிறீங்களா?" அவர் களையைப் பிடுங்கி வரப்பில் போட்டார். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். அந்தப் பதிலோடுதான் இத்தனை காலமும் அவருக்குச் சோறு போட்டாள். பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இப்போது காது செவிடு என்று தெரிந்துவிட்டதே, திரும்பக் கேட்டால் என்ன என்று யாராவது சொன்னால், அதை வாயால் இரண்டாம் தரம் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை, வருகிறபோது வரட்டும் என்பாள்.

வைகாசியில் தாள் நுனி மஞ்சளித்தது. காதுமடலுக்குப் பின்னால் குமிழ் திரண்டு, பூண்டு முற்றிவிட்டது என்று யாருக்கும் தெரிந்தது. முற்றிய பூண்டை உரிய நேரத்தில் பிடுங்காவிட்டால் வெடித்து அழுகும்; பிடுங்கினால் பதில் நின்றுவிடும். நாச்சியம்மா தினமும் தாளைத் தடவிப் பார்த்து, இன்னும் பச்சை இருக்கு, இன்னும் பச்சை இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் முத்துப்பேச்சியின் மகள் சுகன்யா, தாய் வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள், ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றாள். அவளுக்கும் பால் ஊறவில்லை. பூண்டுக் குழம்பு கொடுத்தார்கள், பூண்டுப் பால் கொடுத்தார்கள், லேகியம் உருட்டிக் கொடுத்தார்கள். துணை சுகாதார நிலையத்து நர்சம்மா நல்ல பெண். பால்பவுடர் கரைத்து ஊட்டிப் பார்த்தது, பிள்ளை குடித்ததையெல்லாம் கக்கியது. "உடனே கீழே கொண்டுபோகணும், இங்க வச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றது அந்தப் பெண். ஆனால் கோடை மழை கொட்டித் தீர்த்து, மலைச் சரிவே பெயர்ந்து ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது, ஆள் நடக்கக்கூட வழியில்லை.

முத்துப்பேச்சி வந்தாள். பேச்சு அறுந்த நாளிலிருந்து மிதிக்காத வாசலை மிதித்து, நனைந்த தலையோடு நின்றாள்.

"மதினி, நான் வாய் நீளமானவதான். என்னை நாலு அறை அறைஞ்சுக்க. அந்தப் பூண்டைப் பிடுங்கிக் குடு."

அப்போது பெரியாண்டி அடுப்புப் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "எனக்குப் போதும், மிச்சக் கஞ்சியை நீ குடி. நீ குடிச்சு ரெண்டு நாளாச்சு" என்றார்.

நாச்சியம்மாவின் முகம் வெளுத்தது. அந்தக் கஞ்சி எந்த நாள் கஞ்சி என்று அவளுக்குத் தெரியும். களை எடுத்த நாளின் சாயங்காலம் காய்ச்சிய கஞ்சி அது. அதற்கு முந்திய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு வாடி" என்றாள். "நாளைக்கு ஒரு நாள் பொறு. நாளைக்குத் தர்றேன்."

"நாளைக்குப் பிள்ளை இருக்குமான்னு தெரியல மதினி."

நாச்சியம்மா வாசலைத் தாண்டி, மழையிலேயே நடந்து முத்துப்பேச்சி வீட்டுக்குள் போனாள். நாங்களெல்லாம் அங்கேதான் இருந்தோம். பிள்ளை அழுதுகொண்டிருந்தது, சத்தமில்லாத அழுகை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. சுகன்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், "என்னாலதான், எல்லாம் என்னாலதான்" என்று முனகினாள். நாச்சியம்மா அதைக் கேட்டாள். திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள், நாங்களும் பின்னாலேயே போனோம்.

நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சிக் காதைச் சுற்றி விட்டாள், மண்ணை இளக்கத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி. புருஷன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவர் எதையோ கேட்டவர் மாதிரி புருவத்தைச் சுருக்கி, வாயைத் திறந்தார். அவர் உதடு அசைந்தது எங்களுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் தாளைக் கழுத்தோடு பிடித்து, எங்கள் பெண்கள் பிடுங்குகிற மாதிரி ஒரு திருகு திருகி இழுத்துவிட்டாள்.

வந்த பூண்டு சின்னதுதான், இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளைத் தோல், ஆனால் அதன் வாசனை ஊரில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர் வரவைத்தது. கன்னாயிரம்தான் முதலில் சுதாரித்துக்கொண்டான்.

"அத்தே, ஒரு பல்லை மட்டும் எடுத்து வையி. விதைக்கு வேணும்ல? ஊருக்கே மருந்து அது!"

நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். சொல்லாமல் இருப்போமா? ஒரு பல், ஒரே ஒரு பல் இருந்தால் போதும், அடுத்த மார்கழிக்கு யாருடைய காதிலாவது வைத்துவிடலாம்.

"விதைன்னு எடுத்து வச்சதெல்லாம் போதும்" என்றாள் நாச்சியம்மா. அவ்வளவு பல்லையும் உரித்தாள், அவ்வளவையும் பாலில் போட்டாள், கரண்டியால் மசித்து, பனங்கற்கண்டு சேர்த்து, சூடு ஆறுவதற்குள் சுகன்யாவின் தலையைத் தூக்கிக் குடிக்கவைத்தாள். பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரையும் விடவில்லை. மழை விட்டு வெயில் அடித்தபோது சுகன்யாவின் ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளை பிடித்துக்கொண்டது, நர்சம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, அது விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டியது. முத்துப்பேச்சி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

நாங்களும் சந்தோஷப்பட்டோம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தினூடேயே, ஒரு பல் வைத்திருக்கலாம் இல்லையா என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

பெரியாண்டி வீட்டுக்கு முன்னால் துவைகல்லில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார், காதில் எண்ணெய்ப் பஞ்சு. நாச்சியம்மா வந்தாள். வழக்கம்போல இடப்பக்கம் போய் நின்றாள். பிறகு சேலையை உதறிச் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போய், வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து உட்காராத வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் முத்துப்பேச்சி வீட்டு முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏங்க" என்றாள், "பிள்ளை போனது எம்மேலதான் குத்தம்னு நெனைச்சீங்களா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"உம்மேலயா?" என்றார். "விதைப்பூண்டு விட்டத்துல தொங்குச்சுல்ல நாச்சி. எங்கய்யா தொடாதேன்னாரு, நான் தொடல. கைக்கு எட்டுற ஒசரந்தான். எட்டுற ஒசரந்தான் அது."

பெரிய மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அழவில்லை, அவரைத் தொடவும் இல்லை. மலைச் சரிவில் மேகம் ஏறி இறங்கும் வரை சும்மாவே உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டி அவர் முகவாயை நேராக்கினாள்.

"தலையைச் சாய்க்காதீங்க. எண்ணெய் வடியுது."

அதற்குப் பிறகு அந்த வீட்டு விட்டத்தில் சிவப்புத் துணியை யாரும் பார்த்ததில்லை; நடுகிற காலத்தில் மிச்சம் இருப்பதை நடுவார்கள், அதுவும் முளைக்கத்தான் செய்கிறது. நடந்தாலும் உட்கார்ந்தாலும் நாச்சியம்மா வலப்பக்கம்தான். பொம்பளை வலப்பக்கம் உட்காரலாமா, அப்படிப்பட்ட மருந்தை ஒரு பல் விடாமல் அழிக்கலாமா என்று நாங்கள் அவர்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் காதுபடவே பேசத்தான் செய்கிறோம். பெரியாண்டி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இப்போது அவருக்கு நாங்கள் எல்லோரும் இடப்பக்கம்.